வடசென்னையில் இரண்டு நாள்: துணியும் தீனியும் தேடி வருகிறவர்களுக்கு ஒரு பயணத் திட்டம்

சென்னைக்குத் துணி எடுக்க வரும் எங்கள் உறவினர்களில் பலர், தியாகராய நகரில் இறங்கி, ஒரே பெரிய கடையின் எல்லா மாடிகளிலும் ஏறி இறங்கி, பக்கத்திலேயே சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். தண்டையார்பேட்டையில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு அதில் ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. ஜவுளி என்றால் கோடவுன் தெருவும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடும் இருக்கின்றன, வாய்க்கு ருசியாக வேண்டும் என்றால் சவுகார்பேட்டையும் காசிமேடும் பர்மா பஜாரும் இருக்கின்றன. ஆனாலும் வராதவர்களை முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில் கோடவுன் தெருவுக்கு வந்து இழுத்து மூடிய ஷட்டர்களைப் பார்த்தவரும், மாலை ஐந்து மணிக்குக் காசிமேடு ஏலக்கூடத்துக்குப் போய் ஈரத் தரையை மட்டும் பார்த்தவரும் மறுபடி வர யோசிக்கத்தான் செய்வார்கள். வடசென்னையில் ஒவ்வொரு தெருவுக்கும் அதற்கென்று ஒரு கிழமையும் ஒரு வேளையும் உண்டு. போகவேண்டிய இடங்களைப் பட்டியல் போடுவதற்கு முன்னால் அந்தக் கிழமையையும் வேளையையும் குறித்துக்கொண்டால், இரண்டே நாளில் நிறையப் பார்க்கலாம், நிறைய வாங்கலாம், அதைவிட நிறையச் சாப்பிடலாம்.

எந்த நாளில் வருவது

வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை இரவு கிளம்புவது நல்லது. ஜார்ஜ் டவுனின் மொத்த வியாபாரத் தெருக்கள் ஞாயிறன்று பெரும்பாலும் மூடியிருக்கும் என்பதால், துணிக்கும் ஃபேன்சி சாமான்களுக்கும் சனிக்கிழமையை ஒதுக்கவேண்டும். காசிமேட்டில் கூட்டமும் மீனும் மிகுதியாக இருப்பது ஞாயிறு விடியற்காலையில்தான். எம்.சி. ரோடு ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். சொல்லப்போனால் அன்றைக்குத்தான் அது களைகட்டும். கிழமைகள் இப்படித் தாமாகவே அமைந்துவிடுவதால், இந்த வரிசையை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மாதம் பற்றியும் யோசிக்கவேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாட்களில் சிறு படகுகள் கொண்டுவரும் மீன் மட்டுமே கிடைக்கும், விலையும் ஏறியிருக்கும். அத்துடன் சித்திரை, வைகாசி வெயிலில் ஜார்ஜ் டவுனின் சந்துகளில் நடப்பது தண்டனைக்குச் சமம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதும், துணி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடப்பதும் எங்களுக்குப் பழகிப்போனவை, விருந்தாளிகளுக்கு அவை வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் எம்.சி. ரோட்டில் நடக்க முடியாது, தள்ளிக்கொண்டு போவார்கள். தீபாவளி முடிந்தபிறகு சவுகார்பேட்டையில் குஜராத்தி, மார்வாடிக் கடைகள் சில உடனே திறக்காமல் சில நாள் மூடியிருக்கும். புரட்டாசியில் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பதிக்குப் புறப்படும் திருக்குடை ஊர்வலம் யானைகவுனியைத் தாண்டும் நாளில், கடைத்தெருவை மறந்துவிட்டுக் குடை பார்க்க நிற்பதே புத்திசாலித்தனம். அதே புரட்டாசியில் பாதி ஊர் சைவத்துக்கு மாறிவிடுவதால் மீன் விலை இறங்கும். விரதம் இல்லாதவர்களுக்கு அது ஒரு சலுகை மாதம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், பொங்கலுக்குப் பிறகு மாசி முடியும் வரையுள்ள காலம்தான் வசதி.

தங்குமிடமும் போக்குவரத்தும்

சென்ட்ரல், எழும்பூர், பெரியமேடு பகுதிகளில் எல்லா விலையிலும் விடுதிகள் உண்டு. அங்கே தங்கினால் போதும். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவின் நீல வழித்தடத்தில் உயர் நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை என்று அடுத்தடுத்த மூன்று நிலையங்களுக்குள் இந்தப் பயணத்தின் பெரும்பகுதி அடங்கிவிடும். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரையும், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரையும் மெட்ரோ வந்தபிறகு, "அவ்வளவு தூரம் யார் வருவது" என்ற பேச்சுக்கு இடமில்லை. விமானத்தில் வருகிறவர்கள்கூட விமான நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் மண்ணடியில் இறங்கலாம்.

காரில் வருவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். மதுரையிலிருந்து வந்த என் அத்தை மகன், "பத்து நிமிஷம் நிறுத்திட்டு வந்துடுறேன்" என்று சொல்லி என்.எஸ்.சி. போஸ் சாலையிலிருந்து வண்டியை ஒரு சந்துக்குள் திருப்பினார். எதிரே இரும்புக் குழாய் ஏற்றிய மீன்பாடி வண்டி, பின்னால் துணி பேல் ஏற்றிய தள்ளுவண்டி, நடுவில் நாங்கள் என்று முக்கால் மணி நேரம் போயிற்று. மெட்ரோ நிலையங்களுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ஜார்ஜ் டவுன் கடைத்தெருக்களில் கழிப்பறை கிடைப்பது கடினம், முக்கியமாகப் பெண்களுக்கு. நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

வெள்ளி மாலை: அத்தோவில் தொடங்கலாம்

அன்று கடை எதையும் பார்க்கவேண்டாம். விடுதியில் பெட்டியை வைத்துவிட்டு, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் பர்மா பஜாரை ஒட்டிய இரண்டாவது கடற்கரைச் சாலைக்குப் போனால், மாலை ஐந்து, ஐந்தரை மணிக்கு மேல் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகள் வரிசையாக நிற்கும். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து, அதன்பின் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறித் திரும்பினார்கள். அவர்களுக்குப் பிழைப்புக்கு வழியாக 1969இல் உருவானதுதான் பர்மா பஜார். வெளிநாட்டுச் சாமான்களின் மவுசு குறைந்து பஜார் செல்போன் உறைகளுக்கு மாறிவிட்டது. அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு மாத்திரம் மாறவில்லை.

அத்தோ பிசைவதைப் பார்ப்பதே பாதித் திருப்தி. பெரிய அலுமினியப் பேசினில் வேகவைத்த மஞ்சள் நூடுல்ஸ் ஒரு கை, மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ் ஒரு கை, வெங்காயம், பொரித்த பூண்டும் அது பொரிந்த எண்ணெயும், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், கொத்தமல்லித்தழை, எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டு, மேலே பேஜோ என்னும் மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே நான்கு புரட்டுப் புரட்டித் தட்டில் வைப்பார்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப் வரும். தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் கேட்கலாம், ஊற்றுவார்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் புளித்தண்ணீரும் வைத்துத் தரும் முட்டை மசாலாவை ஒரே வாயில் போட்டுக்கொள்ளவேண்டும். கடித்துச் சாப்பிட்டால் சட்டை போய்விடும். "காரம் கம்மியா போடுங்கண்ணா" என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் இவர்கள் கணக்கில் காரம் என்பது நல்ல காரம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முட்டையும், மீன் சாற்றில் செய்யும் மொஹிங்கா என்ற நூடுல்ஸ் சூப்பும் வேண்டாம் என்று சொல்லி, நூடுல்ஸில் என்னென்ன சேர்கிறது என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

சனிக்கிழமை: ஜார்ஜ் டவுன்

காலையில் அவசரப்பட்டுப் போய்ப் பயனில்லை. கடைகள் திறந்து, சாம்பிராணி போட்டு, பேல் பிரித்து முடிக்கப் பத்தரை மணி ஆகும். முதல் வாடிக்கையாளராகப் போவதில் ஒரு லாபமும் ஒரு பொறுப்பும் உண்டு. போணி ஆகாத கடையில் விலை சற்று இறங்கிவரும். ஆனால் போணிக்கு முன்னால் பத்துத் தானை (துணிச் சுருளை)ப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து வருவது அவர்களுக்கு மனக்கஷ்டம். வாங்கும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் முதலில் போங்கள்.

உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் இறங்கி, என்.எஸ்.சி. போஸ் சாலையைக் கடந்தால் கோடவுன் தெரு. பழைய நாளில் துணிக் கிடங்குகள் இருந்ததால் வந்த பெயர். இது மொத்த வியாபாரத் தெரு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். சில கடைகளில் "ஹோல்சேல் மட்டும்தாங்க" என்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். சில கடைகளில் ஒரே டிசைனில் எல்லா அளவும் அல்லது எல்லா நிறமும் சேர்த்து ஒரு செட்டாகத்தான் தருவார்கள். மூன்று குடும்பங்கள் சேர்ந்து வந்து ஒரு செட்டைப் பிரித்துக்கொண்டால் நல்ல லாபம். தனியாக வந்தவர்கள் சட்டைத் துணி, பேன்ட் துணி, ஜாக்கெட் பிட், லைனிங், வேட்டி, துண்டு போன்றவற்றைச் சில்லறையாகவும் தரும் கடைகளை விசாரித்துப் போகலாம். சில்லறை தருவார்களா என்று முதலில் கேட்டுவிட்டு உட்காருவதுதான் இருவருக்கும் மரியாதை.

துணி எடுப்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதாக இருக்கக்கூடாது. பன்னா, அதாவது துணியின் அகலம், என்ன என்று கேளுங்கள். 58 அங்குல அகலமுள்ள பெரிய பன்னாத் துணியில் நடுத்தர உடம்புக்காரர் ஒருவருக்குச் சட்டைக்கு 1.60 மீட்டரும் பேன்ட்டுக்கு 1.20 மீட்டரும் போதும். 36 அங்குலச் சின்னப் பன்னாவில் அதே சட்டைக்கு இன்னும் கணிசமாக வேண்டியிருக்கும். மீட்டர் விலை குறைவாக இருக்கிறதே என்று சின்னப் பன்னாவை எடுத்துவிட்டு, தையற்காரர் "துணி பத்தாதுங்க" என்று சொல்லும்போது வருந்தியவர்களில் நானும் ஒருவர். ஜாக்கெட்டுக்குப் பொதுவாக 80 சென்டிமீட்டர். கை நீளமாக வேண்டுமென்றாலும் உடம்பு சற்றுப் பெரிதாக இருந்தாலும் ஒரு மீட்டராக எடுத்துவிடுவது நிம்மதி. ஊரிலிருந்து கிளம்பும்போதே உங்கள் தையற்காரரிடம் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதி வாருங்கள்.

இரண்டாவது, சாயம். மூன்று ஆண்டுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு கடையில், அண்ணன் மகள் நிச்சயதார்த்தத்துக்காக மெரூன் நிறத்தில் பன்னிரண்டு மீட்டர் லைனிங் துணி எடுத்தேன். தடவிப் பார்த்தேன், கசக்கிப் பார்த்தேன், சுருக்கம் விழவில்லை. நனைத்துப் பார்க்கவில்லை. முதல் அலசலிலேயே வாளித் தண்ணீர் பீட்ரூட் சாறு ஆகி, அதில் தவறிக் கிடந்த அண்ணனின் வெள்ளை வேட்டி இன்றைக்கும் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கிறது. கட் பண்ணிய துணிக்கு மாற்றுக் கிடையாது என்று பில்லின் அடியிலேயே அச்சடித்திருந்ததால் கேட்கவும் வழியில்லை. அன்றிலிருந்து பையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் சிறிய தண்ணீர் பாட்டிலும் இருக்கும். கைக்குட்டையின் மூலையை நனைத்து, துணியின் ஓரத்தில் பத்துத் தடவை அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன். நிறம் ஏறினால் அந்தத் தான் திரும்ப அலமாரிக்குப் போகும். நல்ல வியாபாரிகள் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

சாயம் போவதையே பெருமையாக்கி விற்ற கதையும் நம் ஊர்த் துணிக்குத்தான் உண்டு. காய்கறிச் சாயம் ஏற்றிக் கைத்தறியில் நெய்த மெட்ராஸ் கட்டம் போட்ட துணி 1958இல் அமெரிக்காவுக்குப் போனது. குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசவேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களிடம் போய்ச் சேராமல், அவர்கள் சலவை இயந்திரத்தில் போட, கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. புகார் குவிந்தபோது, "சாயம் கசிவது உறுதி" என்றே விளம்பரம் செய்து அதை நாகரிகமாக்கி விற்றுவிட்டார்கள். உங்கள் வீட்டு வேட்டிக்கு அந்தச் சமாதானம் செல்லாது என்பதால் கைக்குட்டைச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

நிறம் பார்ப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். கடைக்குள் இருக்கும் வெளிச்சத்தில் மயில்கழுத்து நிறமாகத் தெரிந்தது தெருவுக்கு வந்தால் கரும்பச்சையாக இருக்கும். புடவைக்கு ஜோடியாக ஜாக்கெட் துணியோ லேஸோ எடுக்க வருகிறவர்கள், செல்போன் படத்தை நம்பாமல் புடவையையே கொண்டுவரவேண்டும். "அண்ணா, வெளியில கொண்டுபோய்ப் பார்த்துட்டு வரேன்" என்று கேட்டால் கடைப்பையன் தானை எடுத்துக்கொண்டு கூடவே வருவான்.

துணி முடிந்ததும், தேவராஜ முதலி தெரு, நாராயண முதலி தெரு, காசி செட்டித் தெரு என்று நடக்கலாம். கவரிங் நகை, வளையல், கிளிப், பரிசுப் பொருள், பொம்மை, அலங்காரச் சாமான் என்று ஒவ்வொரு தெருவும் ஒவ்வொன்றுக்குப் பேர்போனது. கல்யாணப் பத்திரிகை அடிக்கவேண்டியவர்கள் ஆண்டர்சன் தெருவுக்கும், நோட்டுப் புத்தகம் மொத்தமாக வேண்டியவர்கள் பந்தர் தெருவுக்கும் போகலாம். மற்றவர்களுக்கு அங்கே வேலையில்லை. வளையலை டஜன் கணக்கில் வாங்கும்போது பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கவேண்டும். உடைந்த ஒன்று இரண்டு நடுவில்தான் இருக்கும்.

நடக்கும்போது காதைத் தீட்டி வைத்திருங்கள். பின்னாலிருந்து "ஓரம், ஓரம்" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் முதலில் ஒதுங்கிவிடவேண்டும். முதுகில் மூட்டையோ கையில் வண்டியோ வைத்திருப்பவர் சட்டென்று நிற்க முடியாது. பணப்பையைப் பின்பாக்கெட்டில் வைக்காதீர்கள், ஜேப்படி இன்னும் ஒழிந்துவிடவில்லை. பெரும்பாலான கடைகளில் செல்போனிலேயே பணம் அனுப்பலாம் என்றாலும், நடைபாதைக் கடைகளில் நூறும் ஐம்பதுமாகச் சில்லறை இருந்தால்தான் பேரம் நம் பக்கம் இருக்கும். மூட்டை பெரிதாகிவிட்டால் சுமந்து திரியவேண்டாம். வால்டாக்ஸ் சாலைப் பக்கத்து லாரி பார்சல் ஆபீஸ்களில் பதிவு செய்தால் ஊருக்கே வந்துசேரும். சின்ன மூட்டைக்கு இரண்டு கட்டைப் பைகள் போதும், வாங்கும்போதே தைத்த பிடியை இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டால் மாலைக்கு இடம் இருக்காது. ஃபுல்கா, பருப்பு, ஒரு சப்ஜி என்று வடநாட்டுச் சாப்பாடு போடும் சின்னக் கடைகள் சவுகார்பேட்டைப் பக்கம் உண்டு, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெயில் தணியும் வரை விடுதிக்குப் போய்ப் பைகளை இறக்கிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

சனி மாலை: தங்கசாலைத் தெரு

மாலை ஆறு மணிக்கு மின்ட் தெருவுக்கு வாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் நாணயச்சாலை இங்கே இருந்ததால் தமிழில் தங்கசாலை. தெருப் பெயர்களில் செட்டியாரும் நாயக்கரும் முதலியாரும் இருக்கிறார்கள். கடைகளில் ராஜஸ்தானியும் குஜராத்தியும் பேச்சில் தமிழுடன் கலந்து ஓடும். லெஹங்கா, முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய பந்தேஜ் புடவை, கண்ணாடி வேலைப்பாடு, மீட்டர் கணக்கில் லேஸ் பார்டர் ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல இடம் நகரில் எனக்குத் தெரியாது. சாதாரணமான ஒரு வண்ணப் புடவையை எடுத்துக்கொண்டு வந்து, ஐந்தரை மீட்டர் பார்டர் வாங்கி ஓரத்தில் தைத்து, விருந்துக்குக் கட்டுகிற புடவையாக்கிக்கொள்ளும் பழக்கம் எங்கள் தெருப் பெண்களிடம் உண்டு. லேஸ் வாங்கும்போது முழம் என்று பேசாமல் மீட்டர் என்று பேசுங்கள். கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள்.

தீனியில் முதலில் முறுக்கு சாண்ட்விச். உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு வட்ட முறுக்குகளுக்கு நடுவே புதினாச் சட்னியும் காரச் சட்னியும் தடவி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம் அடுக்கி, விரும்பினால் சீஸும் துருவிப் போடுவார்கள். வடநாட்டு சாண்ட்விச்சுக்கும் நம் முறுக்குக்கும் நடந்த கலப்புத் திருமணம் என்று வைத்துக்கொள்ளலாம். உடனே சாப்பிடவேண்டும், படம் எடுத்துக்கொண்டிருந்தால் முறுக்கு நமத்துப் போகும். அடுத்து காக்கடா ராம்பிரசாத் கடையில் சுடச்சுட ஜிலேபியும், மேலே ஆடை மிதக்கும் பாதாம் பாலும். கடைசியாக என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் டிபன் சென்டர். இங்கே பட்டியல் என்று ஒன்று தேவையே இல்லை. குட்டி இட்லியும் ஊத்தப்பமும்தான். கல்லில் நெய்யை ஊற்றி, பொடியைத் தூவி, அந்த நெய்யிலேயே இட்லி புரண்டு வரும். நெய் கம்மியாக என்று கேட்கிறவர்கள் வேறு கடைக்குப் போவது உத்தமம். நின்றுகொண்டுதான் சாப்பிடவேண்டியிருக்கும் என்பதால் பைகளோடு போகாதீர்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காத ஜைனச் சமையல் வேண்டும் என்று கேட்டால் இந்தத் தெருவில் யாரும் விசித்திரமாகப் பார்க்கமாட்டார்கள்.

ஞாயிறு: காசிமேடு, பிறகு எம்.சி. ரோடு

மெட்ரோ ஓடத் தொடங்குவதற்கு முன்பே கிளம்பவேண்டும். இருட்டு பிரிவதற்குள் ஆட்டோவில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், படகிலிருந்து கூடை இறங்குவதையும் ஏலம் கூவுவதையும் பார்க்கலாம். ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர். ஏலத்தில் நாம் கலந்துகொள்ள முடியாது, அது வியாபாரிகளுக்கானது. ஏலம் எடுத்த பெண்கள் அங்கேயே கூறு போட்டு விற்பார்கள். சங்கரா, கானாங்கத்தை, நெத்திலி, கடம்பா, எறா என்று பலகை பலகையாக இருக்கும். "வாம்மா, இப்பதான் போட்டு வந்துச்சு, பார்த்து எடுத்துக்கினு போ" என்று அழைக்கும் அக்காவிடம், செவுளைத் திறந்து காட்டச் சொல்லலாம். உள்ளே செக்கச்செவேல் என்றிருந்து, கண் குழியாமல் தெளிவாக இருந்து, விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழும்பினால் வாங்கலாம். கூறுக்குப் பேரம் பேசும்போது பாதிக்குக் கேட்பதெல்லாம் பழைய கதை. அப்படிக் கேட்டால் கிடைக்கும் பதிலை இங்கே எழுத முடியாது. நான்கில் ஒரு பங்கு குறைத்துக் கேட்டு, கூடவே ஒரு கை நெத்திலி அள்ளிப் போடச் சொன்னால் பெரும்பாலும் நடக்கும்.

விடுதியில் தங்கியிருப்பவர் மீனை வாங்கி என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. வடசென்னையில் உறவினர் வீடு இருந்தால் வாங்கிக்கொண்டு அங்கே போய்விடுங்கள்; ஞாயிறு மதியச் சாப்பாடு கவலையில்லை. இல்லாதவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு, பக்கத்துத் தெருக்களில் இட்லிக்கு மீன்குழம்பு ஊற்றித் தரும் நாஷ்டாக் கடை ஒன்றில் உட்காரலாம். திரும்பும் வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை ஆட்டோவிலிருந்தே பார்த்துக்கொள்ளுங்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் அது. அறைக்குப் போய்க் குளித்து இரண்டு மணி நேரம் தூங்குவது கட்டாயம். மீன் வாடையோடு புதுத்துணியைத் தொடக்கூடாது.

பதினொரு மணிக்கு மேல் வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி, எம்.சி. ரோடு என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். கம்பெனி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை இது. துணியின் தொடர்பு இன்றுவரை அறுபடவில்லை. கோடவுன் தெருவில் மீட்டரில் வாங்கியதற்கு மாறாக, இங்கே தைத்த உருப்படிகள்தான் விசேஷம்: நைட்டி, சுடிதார், குழந்தைகளுக்கான கவுன், பட்டுப் பாவாடை, தினப்படிக்குக் கட்டும் புடவை. முதல் கடையிலேயே வாங்கிவிடாமல், ரோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒருமுறை வெறுங்கையோடு நடந்துவிட்டுத் திரும்பும்போது வாங்குங்கள். ஒரே நைட்டி நான்கு கடைகளில் நான்கு விலைக்குத் தொங்குவதைக் காண்பீர்கள். குழந்தைத் துணியில் வயதைப் பார்க்காமல் அங்குல எண்ணைப் பார்க்கவேண்டும். கடைக்குக் கடை அளவு மாறும் என்பதால், வீட்டில் சரியாக இருக்கும் ஒரு பழைய உடுப்பைப் பையில் போட்டு வந்து மேலே வைத்துப் பார்த்து எடுப்பது மேல். ஃபிக்ஸட் ரேட் என்று எழுதிய கடையில் பேரம் வேண்டாம். மற்ற இடங்களில் மூன்று உருப்படியை ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டு, "மொத்தமா எவ்வளவுக்குத் தருவீங்க அக்கா" என்று கேளுங்கள். ஒவ்வொன்றாகப் பேசுவதைவிட இது இருவருக்கும் சுலபம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிரியாணி. மண்ணடி, ராயபுரம், வண்ணாரப்பேட்டை மூன்றிலும் தெருவுக்குத் தெரு அண்டா உண்டு. பன்னிரண்டு மணிவாக்கில் தம் உடைக்கும் நேரத்தில் போனால் சோறு உதிரியாக, கறி உடையாமல் கிடைக்கும். இரண்டரை மணிக்கு மேல் அண்டாவின் அடியைத்தான் சுரண்டுவார்கள். தயிர் வெங்காயமும் கத்திரிக்காய்த் தொக்கும் தானாக வரும், பிரெட் அல்வாவைக் கேட்டு வாங்கவேண்டும். ரம்ஜான் மாதமாக இருந்தால் பகலில் மண்ணடி அடங்கிக் கிடக்கும். மாலையில் நோன்புக் கஞ்சியும் சமோசாவுமாகத் தெருவே விழித்துக்கொள்ளும். அந்த மாதத்தில் வருகிறவர்கள் ஞாயிறு மாலையை அதற்கென்று வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்கு மீன் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. விடியற்காலையில் வாங்கியது இரவு ரயில் வரைக்கும் தாங்கவேண்டும் என்றால் தெர்மகோல் பெட்டியும் நடுவில் ஒருமுறை ஐஸ் மாற்றுவதும் வேண்டும். அது இந்தப் பயணத்துக்குச் சரிப்படாது. கருவாடு வாங்கிக்கொள்ளுங்கள். நெத்திலிக் கருவாட்டை உடைத்தால் டக்கென்று ஒடியவேண்டும், வளைந்தால் காயவில்லை. செய்தித்தாளில் ஒரு சுற்று, பாலிதீன் பையில் இரண்டு சுற்று என்று கட்டி, துணி வைத்த கட்டைப் பைக்குள் போடாமல் கையிலேயே தனியாக வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிக்கலாம். நிச்சயதார்த்தப் புடவை மணப்பதைவிட அது எவ்வளவோ மேல்.